மிருக வைத்திய நிபுணர்களுக்கு ஒரு சங்கம்: கருமபீடத்துக்குப் போகுமுன் படியுங்கள்

மிருக வைத்திய நிபுணர்களுக்கு ஒரு சங்கம் பதிய அலைந்த ஒரு வைத்தியரின் கோப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீல அட்டை. உள்ளே யாப்பு (சங்கத்தின் விதிகள்), கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல். திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் நான்காவது தடவையாக அதை நீட்டினார். உத்தியோகத்தர் முதற்பக்கத்தைக்கூடப் புரட்டாமல், "இது எங்கள் வேலை இல்லை, டொக்டர்" என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்து விழுந்ததைக் கண்டு, இனியாவது நிபுணர்கள் ஒன்றாக நிற்கவேண்டும் என்று கிளம்பியவர் அவர்.

எந்தச் சட்டத்தின் கீழ் பதிவது என்பதை நீங்களே முடிவு செய்துகொண்டு போங்கள். கருமபீடத்தில் எவரும் அதை உங்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

பலரும் முதலில் ஏறும் படி பிரதேச செயலகம். அங்கே பதிவது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ். வறியோருக்கும் நோயாளருக்கும் அனர்த்தத்தில் சிக்கியோருக்கும் உதவும் அமைப்புகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. வைத்தியர்களின் தொழில் வளர்ச்சி அதற்குள் சரியாக அடங்காது. பதிந்து தந்தாலும் அந்தப் பிரதேசத்தோடு நின்றுவிடும். திருகோணமலை மாவட்டத்திலேயே கந்தளாயில் இருப்பவரையும் குச்சவெளியில் இருப்பவரையும் சேர்க்க மாவட்டச் செயலகத்தில் புதிதாகத் தொடங்கவேண்டும்.

அடுத்து, "ஏழு பேர் போதும், தொழிற்சங்கமாகப் பதியுங்கள்" என்று ஒருவர் ஆலோசனை சொல்வார். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் ஏழு பேர் போதும் என்பது உண்மை. ஆனால் அரச ஊழியர் சங்கத்தில் வெளியாரைக் கலக்க முடியாது. மாகாணத் திணைக்கள வைத்தியர், பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர், தனியார் சிகிச்சை நிலையம் நடத்துபவர் மூவரையும் ஒரே பட்டியலில் எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும். இந்த மூவரும் சேராமல் நிபுணர் சங்கம் ஏது?

இந்த மூவரையும் சேர்க்க என் கணிப்பில் பொருத்தமானது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி, அதாவது உறுப்பினரின் பொறுப்பு அவர் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையோடு நிற்கும் கம்பனி. பெயர் கிடைக்குமா என்று இணையத்திலேயே பார்க்கலாம். அதற்காகக் கொழும்புக்கு இரவு ரயில் ஏறவேண்டாம். பெயரில் "இலங்கை", "தேசிய" என்ற சொற்கள் இருந்தால் அமைச்சரின் சம்மதம் வேண்டும். பெருமைக்காக அந்தச் சொல்லைச் சேர்த்து மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பதிந்த பின் ஆண்டறிக்கையைத் தவறவிடவும் கூடாது.

"நிபுணர்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மிருக வைத்தியராகத் தொழில் செய்யும் தகுதியைத் தருவது மிருக வைத்தியர்கள் பற்றிய 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பதிவு. உங்கள் சங்கச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. உறுப்புரிமைக்கு அந்தப் பதிவு இலக்கமும் பட்டமேற்படிப்பும் வேண்டும் என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் பொதுக்கூட்டமே சண்டையில் முடியும். அரச சேவையில் இருப்பவர் பதவி ஏற்குமுன் திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் அறிவித்துவிடட்டும்.

வங்கிக்குப் போனால் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். பதிவு செய்யப் போன இடத்திலோ வங்கிக் கணக்கு இலக்கம் கேட்பார்கள். இந்தச் சுற்றில் சிக்கி ஆண்டு கழித்தவர்களை எனக்குத் தெரியும். கணக்கு இலக்கம் எந்த விதியின்படி தேவை என்று எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், கிழக்கில் அது நிர்வாக மொழி, தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்று விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்தாகவேண்டும்.

எதைக் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அந்த வைத்தியர் நான்கு தடவை போனார், ஒரு தடவைகூட வாங்கவில்லை. பிறகு முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோது, தான் அங்கே போனதைக் காட்ட அவரிடம் ஒரு தாளும் இருக்கவில்லை.