விண்முகில்: நெபுலா என்ற சொல்லுக்குத் தமிழ்

நெபுலா என்பது மூடுபனியையும் முகிலையும் குறித்த இலத்தீன் சொல். கிரேக்க நெஃபெலேயும் வடமொழி நபஸும் இதற்கு உறவுச் சொற்கள். தொலைநோக்கியில் புள்ளியாகத் தெளியாமல் புகைபோல் மங்கித் தெரிந்த எதனையும் பழைய வானியலார் இப்பெயரால் அழைத்ததால், 1920களில் எட்வின் ஹபிள் தொலைவைக் கணித்துக் காட்டும்வரை ஆண்ட்ரோமெடா விண்மீன் பேரடையும் நெபுலா என்றே எழுதப்பட்டு வந்தது. இன்று இச்சொல் விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வளிமத்தையும் தூசியையும் மட்டுமே சுட்டுகிறது.

இவற்றுள் சில உண்மையில் வளிமமே என்பதை 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலை கொண்டு காட்டினார். அவர் கண்ட பச்சை நிறக் கோடுகள் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் நெபுலியம் என்றொரு புதுத் தனிமமே கற்பிக்கப்பட்டது. அவை இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் உமிழும் கோடுகள் என்று 1927இல் ஐரா போவென் விளக்கிய பின்னரே அப்பெயர் மறைந்தது.

தமிழில் நெபுலம், ஒண்முகில், விண்முகில் ஆகிய வடிவங்கள் வழங்குகின்றன. ஒண்முகில் ஓசை இனிய ஆக்கம்தான். ஆயினும் ‘ஒண்’ என்பது ஒளியைக் குறிப்பதால், பின்னொளியை மறைத்துக் கருநிழலாக நிற்கும் குதிரைத்தலை நெபுலாவை ‘இருண்ட ஒண்முகில்’ என்று எழுத நேர்கிறது. ஒளிர்வதற்கும் இருள்வதற்கும் ஒருங்கே பொருந்தும் விண்முகிலே தக்க சொல் என்பது என் கருத்து.

சிக்னஸ் விண்மீன் குழுவில் துலிப் விண்முகிலைப் படமெடுப்போர்க்கு இச்சொல் இருமுறை தேவைப்படும். அதிலிருந்து அரைப் பாகைக்கும் குறைந்த இடைவெளியில் சிக்னஸ் எக்ஸ்-1 இருக்கிறது. 1964இல் எக்ஸ்-கதிர் மூலமாக அறியப்பட்டு, கருந்துளையாக இருக்கலாம் என்று நெடுங்காலம் ஐயத்தோடு பேசப்பட்ட இப்பொருளின் நிறை, 2021இல் வெளிவந்த அளவீட்டின்படி சூரியனைப்போல் ஏறத்தாழ 21 மடங்கு. படத்தில் புள்ளியாகத் தெரிவது கருந்துளை அன்று, 5.6 நாள்களுக்கு ஒருமுறை அதனோடு சுற்றிவரும் நீல மீப்பெரு விண்மீன். ஆகவே ‘கருந்துளையின் படம்’ என்று தலைப்பிடுவது பிழை. ‘கருந்துளையின் சுற்றுப்புறம்’ என்பதே சரி.

அந்தச் சுற்றுப்புறத்தில் காணத்தக்கது மெல்லிய வில் போன்ற ஒரு வளைவு. கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் தாரை சூழ்ந்துள்ள வளிமத்தை மோதித் தள்ளுவதால் உண்டான அதிர்வலை முகப்பு அது. சாதாரண வண்ணப் படத்தில் அது பின்னணியில் கரைந்துவிடும், 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜனின் சிவப்பையும், 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜனின் பச்சையையும் மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டிகளைப் பொருத்தி, பல மணிநேர ஒளிப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் வளைவு தெளியும். இதில் ஆக்சிஜன் வடிகட்டி பிடிப்பது, நெபுலியத்தின் கணக்கில் எழுதப்பட்ட அதே பச்சைக் கோட்டையே.

துலிப்பில் வளிமத்தை ஒளிரச் செய்வது வெப்பமிக்க இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர். வளைவிலோ மோதலின் வெப்பம். ஒளிரும் காரணம் வேறாயினும் இரண்டும் வளிமத் திரள்களே என்பதால், முன்னதை உமிழ்வு விண்முகில் என்றும் பின்னதை அதிர்வலை விண்முகில் என்றும் படக்குறிப்பில் எழுதலாம்.