கைக்குத் தெரிந்த விஷயம்

உலோகத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரமான லேத்தில் ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓட்டுபவர் பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் சத்தம் கொஞ்சம் மாறுகிறது. வெளியாள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் கை மட்டும் போய் வேகத்தை மாற்றிவிட்டு வருகிறது. பேச்சு தொடர்கிறது. சிறு நிறுவனங்களில் புதுமை பிறப்பது இப்படிப்பட்ட கையிலிருந்துதான் என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு நொடிக்குள் நிறைய இயற்பியல் இருக்கிறது. பட்டறையில் அந்தச் சத்தத்துக்கு ‘சேட்டர்’ என்று பெயர். வெட்டும் டூல் லேசாக அதிர்ந்தால் தண்டின் மேல் பொடிப்பொடியாக மேடுபள்ளம் விழும். தண்டு அடுத்த சுற்று வரும்போது டூல் அந்த மேடுபள்ளத்தின் மேலேயே வெட்ட வேண்டும். சீவல் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் வரும். டூல் மேல் விழும் விசை ஏறி இறங்கும். அதிர்வு இன்னும் கூடும். வேகத்தை மாற்றும்போது பழைய அலையும் புதிய அலையும் ஒன்றோடொன்று பொருந்தி ஓட ஆரம்பித்தால் சீவல் சீராகி, அதிர்வு ஓய்ந்துவிடும். குறைத்தால்தான் அடங்கும் என்றில்லை, சில சமயம் கூட்டினாலும் அடங்கும். இதற்கான கணிதக் கோட்பாடு 1950களில்தான் உருவானது. காது அதற்கு முன்பே பழகியிருந்தது.

“எப்படித் தெரிந்தது?” என்று கேட்டால், “சத்தம் மாறிச்சு, அவ்வளவுதான்” என்பார். மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்த அறிவு சொற்களாக அவரிடம் இல்லை. வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி, இப்படி வாயால் முழுக்கச் சொல்லிவிட முடியாத அறிவைத் தனி வகையாகவே பிரித்துப் பேசினார். விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கில்லை. ஒரு வகை வாயு லேசரைச் செய்ய முயன்ற பிரிட்டன் ஆய்வகங்களைச் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் ஆராய்ந்து 1974இல் எழுதினார். அச்சில் வந்த கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு லேசரை ஓட வைத்தவர் ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே செய்து பார்த்தவரோடு பழகியவர்களுக்குத்தான் அது ஓடியது.

சரி, இதற்கும் புதுமைக்கும் என்ன தொடர்பு? பெரிய நிறுவனத்தில் புதுமை செய்யத் தனித் துறை இருக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அது கிடையாது. அங்கே புதுமை எங்கிருந்து வர வேண்டும் என்றால், வேலையை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பவரிடமிருந்துதான். நம் லேத்காரரையே எடுத்துக்கொள்வோம். மெல்லிய நீளத் தண்டு வந்தாலே சேட்டர் அடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். டூல் பிடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைப் பாதியாக்கினால் அது வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும்; சூத்திரம் தெரியாவிட்டாலும் உள்ளே தள்ளிப் பிடித்தால் நல்லது என்று கைக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள் தண்டுக்கும் நடுவில் ஒரு தாங்கு வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. கழிவில் கிடந்த ஒரு துண்டைக் குடைந்து ஒன்று செய்கிறார். நன்றாக நிற்கிறது. இதுவரை ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பிய வேலைகளை அந்தப் பட்டறை இப்போது வாங்கிக்கொள்கிறது. புது மெஷின் வாங்கவில்லை, புது ஆள் சேர்க்கவில்லை, புது வியாபாரம் வந்துவிட்டது.

இத்தகைய சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் ஹோர்ண்டால் இரும்பாலையின் கதையைச் சொல்வார்கள். பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. 15 ஆண்டுகள் அந்த ஆலையில் புதிய முதலீடு இல்லை. ஆனாலும் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. 15 ஆண்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். செய்யச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு இதை ஆரோ சான்றாக வைத்தார்.

கைப்பழக்கம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. வெளியில் பிறக்கும் புதிய அறிவையும் உள்ளே எடுக்க வேண்டும். ஆனால் அதற்கும் உள்ளே ஏற்கெனவே அறிவு வேண்டும். ஆய்வாளர்கள் வெஸ்லி கோஹனும் டேனியல் லெவிந்தாலும் 1990இல் இதை ‘உள்வாங்கும் திறன்’ என்று எழுதினார்கள். கணினி லேத்தை இறக்கிவிடலாம். உலோகம் எப்படி வெட்டுப்படும் என்று அறிந்தவர் அதில் நின்றால் நிரலைத் திருத்தித் திருத்தி வேலையை மெருகேற்றுவார். அறியாதவர் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருப்பார். காசு முடை வந்தால் முதலில் பயிற்சியை நிறுத்துவது அதனால்தான் எனக்கு வருத்தம் தருகிறது. மெஷினின் பாதித் திறனை அப்போதே இழந்துவிடுகிறோம்.

சிறு நிறுவனத்துக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு: குறையைப் பார்ப்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் நடுவில் நாலு எட்டு தூரம்தான். காலையில் தோன்றியதை மத்தியானம் செய்து பார்த்துவிடலாம். அந்த நாலு எட்டை நடக்க ஒருவர் தயங்கினால் எல்லாம் வீண். “சொன்ன வேலையைப் பார்” என்று ஒரு தடவை கேட்டவர் இரண்டாம் தடவை வாய் திறப்பது கடினம். தாங்கு வைத்துப் பார்க்க அரை மணி நேரமும், வீணாகப் போனாலும் திட்டு விழாத ஒரு துண்டு இரும்பும் வேண்டும். அவ்வளவுதான் செலவு.

பாதகமும் நிறுவனம் சிறியதாக இருப்பதில்தான் இருக்கிறது. அந்த லேத்காரர் ஓய்வு பெற்றுப் போனால் அந்தக் காதும் கூடவே போய்விடும். தாங்கின் அளவைக் குறித்து வைக்கலாம், படம் எடுக்கலாம், அவசியம் செய்ய வேண்டியதும்கூட. சத்தத்தை எழுதி வைக்க முடியாது. அவர் போவதற்குச் சில மாதம் இருக்கும்போதே ஓர் இளையவரை அதே லேத்தில் நிறுத்த வேண்டும். முதலில் பெரியவர் கை வைப்பார், இளையவர் பார்ப்பார். பிறகு இளையவர் கை வைப்பார், பெரியவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் பெரியவர் தலை நிமிர்ந்த பிறகுதான் இளையவருக்குத் தெரியும். சில வாரம் போனால், சத்தம் மாறும் அந்த நொடியில் இரண்டு தலையும் ஒன்றாக நிமிரும்.