அயர்லாந்து: மஞ்சள் கோடு வெள்ளையாகும் இடம்

"சின்னத் தீவுதானே சார், அஞ்சு நாள்ல முழுசா சுத்திடலாம்ல?" டூர் ஏற்பாடு செய்யும் என்னிடம் அயர்லாந்து பற்றிப் பேச்செடுப்பவர்கள் அநேகமாக முதலில் கேட்பது இதைத்தான். தீவு சின்னதுதான். சிக்கல் என்னவென்றால், அதற்குள் இரண்டு நாடுகள் இருக்கின்றன.

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, அங்கே செலவழிப்பதும் யூரோதான். ஆனால் ஷெங்கனில் சேரவில்லை. தனி விசா எடுக்க வேண்டும்.

ஒரு குடும்பம் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினிலிருந்து ஜயண்ட்ஸ் காஸ்வே என்ற கல்தூண் கடற்கரைக்கு ஒருநாள் பேருந்துப் பயணத்தைத் தாங்களே இணையத்தில் பதிவுசெய்துவிட்டு, மற்ற ஏற்பாடுகளுக்கு என்னிடம் வந்தார்கள். காஸ்வே இருப்பது வட அயர்லாந்தில்; அதாவது பிரிட்டனில். அவர்களிடம் இருந்ததோ அயர்லாந்து விசா மட்டும். "பார்டர்ல யாரும் செக் பண்ண மாட்டாங்கன்னு யூடியூப்ல சொன்னாங்களே?" என்றார் அந்த அம்மா.

யூடியூபில் சொன்னது பாதி உண்மை. பெல்ஃபாஸ்ட் சாலையில் டண்டாக் ஊரைத் தாண்டியதும் சாலையோர மஞ்சள் கோடு வெள்ளையாகும், பலகையில் கிலோமீட்டர் மைலாகும். எல்லை என்று கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் திரும்பி வரும்போது பேருந்தை நிறுத்தி ஐரிஷ் போலீசார் பாஸ்போர்ட் கேட்பதுண்டு. கேட்காவிட்டாலும் விசா இல்லாமல் போனது போனதுதான். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இரு நாடுகளும் சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. விசாவில் பிஐவிஎஸ் (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அந்த ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். விசா கொடுத்த நாட்டில் முதலில் இறங்க வேண்டும் என்பது நிபந்தனை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்த வசதி இல்லை. எதற்கும் விண்ணப்பிக்கும் முன் இரு அரசுகளின் இணையதளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட்டுக் காஸ்வேக்குப் போக வேண்டுமா என்றால், போகலாம். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி வெடித்ததில் உண்டான சுமார் 40,000 கருங்கல் தூண்கள், பெரும்பாலும் அறுகோணமாக, படிக்கட்டு போலக் கடலுக்குள் இறங்கும். கைதேர்ந்த ஸ்தபதி செதுக்கி அடுக்கியது போலிருக்கும். அது இருக்கும் ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான் 1814இல் கால்டுவெல் பிறந்தார். இடையன்குடியில் வாழ்ந்து, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். அங்கே நிற்கும்போது நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகமே மாறிவிடும்.

மேற்குக் கரையில் மோஹர் பாறைகள். உச்சியில் 214 மீட்டர், கீழே அட்லாண்டிக். பார்வையாளர் பகுதியில் கற்பலகைச் சுவர் கட்டியிருக்கிறார்கள். செல்ஃபிக்காக அதைத் தாண்டாதீர்கள். அடியில் அலை அரித்திருக்கும், மேலே புல் மூடியிருப்பதால் நிற்கும் இடம் அந்தரமா என்று தெரியாது. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. குடை கொண்டுபோகாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்; தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கெல்லிக் மைக்கேல் தீவைப் பலரும் கேட்கிறார்கள். கலவையே இல்லாமல் கல்லடுக்கித் துறவிகள் கட்டிய குடில்கள் உச்சியில் இருக்கின்றன. ஏற 600க்கும் மேற்பட்ட கற்படிகள், மேலே கழிப்பறை கிடையாது, கடல் கொந்தளித்தால் படகும் கிளம்பாது. வயதானவர்களோடு வருகிறீர்களா? க்ளென்டலாக் போங்கள். ஏரிக்கரை, பழைய மடாலயம், வானளாவிய உருளைக் கோபுரம். மூட்டுவலி வராது.

ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச்சாலை 179 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குறுகிய சாலை, முழுப் பகலையும் ஒதுக்குங்கள். டிங்கிள் பக்கம் ஐரிஷ் மொழி பேசும் ஊர்கள் உண்டு. கழிப்பறைக் கதவில் எம் எழுத்தைப் பார்த்ததும் ஆண்கள் நுழைந்துவிட வேண்டாம். 'ம்னா' என்றால் பெண்கள். எஃப்-இல் தொடங்கும் 'ஃபிர்'தான் ஆண்கள்.

டூலின் ஊர் பப்களில் மாலையில் பிடிலும் புல்லாங்குழலும் கேட்கலாம். குடிக்காதவர்களும் தாராளமாகப் போய் உட்காரலாம். ஆனால் பிள்ளைகளோடு போனால் சீக்கிரமே போய்விடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக இரவு 9 மணிக்கு மேல், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்கு மேல், பப்பில் இருக்கச் சட்டம் விடாது.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டைத்தான் சொல்வேன். 5,200 வருடப் பழைமை. கீசா பிரமிடுகளுக்கு மூத்தது. நேராகப் போய் நிற்க முடியாது. முன்பதிவு செய்து, பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பேருந்தில்தான் போக வேண்டும். உள்ளே 19 மீட்டர் நீளக் கற்சந்து, சில இடங்களில் ஒருக்களித்துத்தான் நுழையணும். அறைக்குள் போனதும் வழிகாட்டி விளக்கை அணைத்தார். என்னோடு வந்திருந்த எழுபது வயது அம்மா இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்ப்பக்கிரகம் மாதிரியே இருக்கே தம்பி" என்றார். அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு வெளிச்சக் கீற்று தரையில் ஊர்ந்து வந்தது. அது மின்விளக்கு. அசல் சூரியன் டிசம்பர் கடைசியில் சில நாள் விடியலில் மட்டும் உள்ளே வரும், 21ஆம் தேதியையொட்டிப் பதினேழு நிமிடம் நிற்கும். அதைப் பார்க்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்து, அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் அதுவும் கிடையாது.