கொளுவி: வைப்பர் பிளேடும் கையும் சேரும் இடத்துக்கு ஒரு பெயர்

‘வைப்பர்’ என்று தமிழில் எழுதிவிட்டு ஒரு நொடி நின்று படித்துப் பாருங்கள். ‘அவர்கள் வைப்பார்கள்’ என்று பொருள் தரும் நல்ல தமிழ் வினைமுற்று அது. சரி, தமிழிலேயே சொல்லுவோம் என்று ‘துடைப்பான்’ போட்டாலும் கதை அதேதான். அதுவும் ‘அவன் துடைப்பான்’ என்கிற வினைமுற்று. கார் கண்ணாடியின் மேல் ஓடுகிற ஒரு ரப்பர் பட்டைக்கு இப்படி இரண்டு பெயர், இரண்டும் இரட்டைப் பொருளோடு.

ஆனால் எனக்கு இங்கே வைப்பர் முக்கியமில்லை. வைப்பர் பிளேடு, அதைத் தாங்குகிற கையோடு சேரும் இடத்தில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதே, அதுதான் முக்கியம். உதிரிபாகக் கடையில் அதற்கு ‘அடாப்டர்’ என்று பெயர். மெக்கானிக் ‘கிளிப்பு’ என்பார், ‘லாக்கு’ என்பார், பெரும்பாலும் ‘அந்தச் சின்னது’ என்பார். ஒரு பொருளுக்கு நிலையான பெயர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு ஐப்பசி மழையில் தெரிந்துகொண்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வரும் வழி. முந்தின நாள்தான் புதுப் பிளேடு வாங்கி, கடை வாசலிலேயே மாட்டியிருந்தேன். பெட்டிக்குள் நான்கு பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. கடைக்காரர் ஒன்றை எடுத்து அழுத்தினார், ‘டக்’ என்று சத்தம் வந்தது, முடிந்தது. மறுநாள் நல்ல மழை. வேகத்தைக் கூட்டியதும் ஓட்டுநர் பக்கப் பிளேடு பிய்த்துக்கொண்டு சாலையில் போய் விழுந்தது. நான் வைப்பரை அணைப்பதற்குள் வெறும் இரும்புக் கை கண்ணாடியில் இரண்டு மூன்று முறை உரசிவிட்டது. பிறை நிலா மாதிரி ஒரு கீறல். எதிர் வண்டியின் விளக்கு படும்போதெல்லாம் அது இன்னும் மின்னும்.

பிறகு பார்த்தால் காரணம் ஒரு மில்லிமீட்டர். வைப்பர் கையின் நுனி தட்டையான எஃகுப் பட்டையை வளைத்துச் செய்தது. அதில் பரவலாக இரண்டு அளவுகள் உண்டு. இரண்டிலும் பட்டையின் அகலம் 9 மி.மீ.; கனம் ஒன்றில் 3 மி.மீ., இன்னொன்றில் 4 மி.மீ. என் வண்டியில் இருந்தது 3. கடைக்காரர் போட்டது 4-க்கான துண்டு. ‘டக்’ சத்தம் இரண்டிலும் வரும். ஒன்றில் நிற்கும், மற்றதில் ஆடும்.

ஆட்டம் கொஞ்சம்தானே என்று தோன்றும். அமெரிக்காவில் வைப்பருக்கான பாதுகாப்பு விதி ஒன்று, அதிக வேகத்தில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 சுற்றாவது ஓட வேண்டும் என்கிறது. போய் வந்தால் ஒரு சுற்று. அதற்குள் இரண்டு முறை திசை மாறும். ஒரு மணி நேர மழைக்கு 5,400 திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் கை ஒரு பக்கம் இழுக்க, ரப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது அந்தத் துண்டுதான்.

இப்போது பெயருக்கு வருவோம். ‘அடாப்டர்’ என்பதன் மூலம் லத்தீன். ‘பொருந்தச் செய்வது’ என்று பொருள். கருத்து தப்பில்லை. ஆனால் நம் ஊரில் அடாப்டர் என்றால் கைபேசி சார்ஜரின் தலைதான் ஞாபகத்துக்கு வரும். ‘கிளிப்’ அதைவிட அழகான சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கட்டித் தழுவுதல் என்று பொருள். தமிழில் அது தலைமுடிக்கும் துணிக்கொடிக்கும் போய்விட்டது. பாடநூல் தமிழில் தேடினால் ‘இணைப்பி’ கிடைக்கும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கம்பியையும் இணைப்பி இணைக்கும், குழாயையும் இணைக்கும், கணினியையும் இணைக்கும். எதை எப்படி இணைக்கிறது என்று அந்தச் சொல் கைக்கு எதுவும் சொல்வதில்லை.

அந்தத் துண்டு என்ன செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் பெயர் தானாக வரும். மிகப் பரவலான வகையில் வைப்பர் கையின் நுனி குடையின் பிடி மாதிரி வளைந்திருக்கும். பிளேடின் நடுவில் ஒரு சின்னச் சன்னல். அதன் குறுக்கே ஒரு ஆணி. அந்த ஆணியின் மேல் பிளாஸ்டிக் துண்டு உட்கார்ந்திருக்கும். கையின் வளைவைச் சன்னல் வழியாக நுழைத்து, பிளேடைக் கையின் நுனிப்பக்கமாக இழுத்தால் துண்டு வளைவுக்குள் போய் அடைந்துகொள்ளும். துண்டில் நாக்கு போல ஒரு பகுதி உண்டு. அது உள்ளே போகும்போது அமுங்கி, போனதும் நிமிர்ந்து, திரும்பி வர விடாமல் தடுக்கும். கழற்ற வேண்டுமானால் நாக்கை அழுத்திக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கமாகத் தள்ள வேண்டும். திருப்புளி வேண்டாம், சாவி வேண்டாம். (பிளேடு இல்லாத கையை அப்படியே விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் அதைக் கண்ணாடியில் அறைந்துவிடும். முதலில் கீழே ஒரு துணியை மடித்துப் போடுங்கள்.)

இதை வடிவமைக்கிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடி தட்டையானது இல்லை, வளைந்தது. பிளேடு அந்த வளைவோடு ஒத்துப்போக ஆணியைச் சுற்றி ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது; அசைந்தால் கடகடவென்று அதிரும், கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீர் நிற்கும். எளிதாகக் கழல வேண்டும், தானாகக் கழலக் கூடாது. இத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடித்து நிறுத்துகிற இந்தக் காரியத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: கொளுவு. வேர் ‘கொள்’. கொள் என்றால் பற்று, ஏற்று வைத்துக்கொள். அதிலிருந்து கொளுவு, மாட்டிப் பிடிக்கச் செய். அதே குடும்பத்தில் கொளுத்து. நகையின் பூட்டுவாய்க்குக் ‘கொளுத்து’ என்ற பெயரும் உண்டு. மலையாளத்தில் கொக்கிக்கு இன்றும் அதே சொல்தான். தமிழ்நாட்டில் ‘கொளுவு’ பேச்சிலிருந்து கிட்டத்தட்ட நழுவிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது அன்றாடச் சொல்: சட்டையை ஆணியில் கொளுவுவார்கள், பையைத் தோளில் கொளுவுவார்கள். இரண்டு பேர் சண்டை பிடித்தால் அதுவும் ‘கொளுவல்’. ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு விடாமல் நிற்பது என்ற பொருள் சண்டைக்கு எவ்வளவு கச்சிதம்!

வினையோடு ‘இ’ சேர்த்துக் கருவிப் பெயர் ஆக்குவது நமக்குப் பழக்கமான வழி: பாக்குவெட்டி, மண்வெட்டி, தேங்காய்த்துருவி. அதே வழியில் கொளுவி. ‘கொளுக்கி’ என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது, ஆனால் அது கொக்கியையே குறிக்கும். இங்கே கொக்கி கையில் இருக்கிறது, அதற்குள் போய் அடைவது வேறொரு துண்டு. இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். கை நுனிக்குக் கொக்கி, பிளேடில் இருக்கும் துண்டுக்குக் கொளுவி என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

எல்லாக் கைகளும் கொக்கி இல்லை என்பதுதான் பெட்டிக்குள் நான்கு துண்டுகள் இருப்பதற்குக் காரணம். சட்டகம் உள்ள பழைய பிளேடுக்குப் பெரும்பாலும் கொக்கி போதும். சட்டகமே இல்லாமல், ரப்பருக்குள் ஓடும் வில்பட்டையை மட்டும் நம்பி நிற்கும் தட்டைப் பிளேடுகள் 1999-இல் பாஷ் நிறுவனம் கொண்டுவந்த ‘ஏரோட்வின்’ பிளேடுக்குப் பிறகு பரவின. ஆளுக்கொரு மாட்டல் முறையும் கூடவே பெருகியது. நல்லவேளை, இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க அகராதி வேண்டாம், விரல் செய்கிற வேலையைச் சொன்னால் போதும். கையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில் பிளேடைக் கோத்தால் அது முளை. பக்கத்தில் இருக்கும் இரண்டு காதுகளைச் சேர்த்து அழுத்திக் கழற்றினால் கிள்ளு வகை. பொத்தானை அழுத்திக் கழற்றினால் அமுக்கு வகை. இதில் கையின் அகலம் 16, 19 மி.மீ. என்று மாறும், வாங்கும்போது அளந்துகொள்ள வேண்டும். நேரான பட்டையை உறைக்குள் நுழைப்பது செருகு வகை.

இந்தக் கடைசி வகைக்கு ஆங்கிலத்தில் ‘பேயனெட்’ என்று பெயர். துப்பாக்கி முனையில் செருகும் கத்தி அது. பிரான்சின் பயோன் நகரத்துப் பெயரிலிருந்து வந்தது. நம் வீட்டில் இரண்டு காது வைத்த குண்டு பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிறோமே, அந்த மாட்டலுக்கும் அதே பெயர்தான். பழைய தமிழ் அகராதிகள் பேயனெட்டுக்குத் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று பொருள் தருகின்றன. மழையில் நனைந்துகொண்டு துருப்பிடித்த செருகு வகையைக் கழற்றிப் பார்த்தவர்கள் அந்த மொழிபெயர்ப்பில் குறை காண மாட்டார்கள்.

பிளேடுக்கு என்ன சொல்வது? தமிழில் பிளேடு என்றால் முகம் மழிப்பது, அப்புறம் மணிக்கணக்கில் பேசி அறுப்பது. ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் இலை. ஜெர்மன்காரர்கள் வைப்பர் பிளேடை இன்றும் ‘துடைப்பான் இலை’ என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது துடைப்பம். கண்ணாடித் துடைப்பானின் துடைப்பம். வேடிக்கை என்னவென்றால் தமிழும் இலையின் பக்கம்தான். ஆயுதத்தின் தகட்டுப் பகுதிக்கு இலை என்று பெயர். ‘இலங்கிலை வேல்’ என்றால் மின்னுகிற தகட்டையுடைய வேல். கத்தியின் அலகு என்கிறோமே, அந்த அலகும் இதற்குப் பொருந்தும். ஆனால் அலகு பறவைக்கும் அளவைக்கும் போய்விட்டது. துடைப்பு இலை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடையில் போய்க் கேட்டால் வாழை இலைக் கடையைக் காட்டுவார்கள், அது வேறு விஷயம். பேச்சில் பிளேடு இருக்கட்டும். எழுதும்போது இலையைப் போட்டுப் பார்க்கலாம்.

கழற்றி மாட்டுவது எளிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதும் அல்ல. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் பனி நாளொன்றில் டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாமல் திண்டாடியதைக் கண்டார். 1903 நவம்பர் 10-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. உள்ளேயிருந்து கையால் அசைக்கும் நெம்புகோல், வெளியே ரப்பர் வைத்த கை. அந்தக் காப்புரிமையிலேயே, தேவையில்லாதபோது இதை எளிதாகக் கழற்றிவிடலாம், வெயில் நாளில் வண்டியின் அழகு கெடாது என்று எழுதியிருந்தார். அவ்வளவு பழைய துடைப்பானிலேயே கழற்றுகிற பேச்சு வந்துவிட்டது. நம் ஊர் அம்பாசடர் ஓட்டுநர்கள் சிலர் வண்டியை நிறுத்தியதும் பிளேடைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டுக்கொள்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது அழகுக்காக இல்லை, திருட்டுக்குப் பயந்து. எளிதாகக் கழல்வது எல்லோருக்கும்தானே எளிது.

கீறல் விழுந்த பிறகு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். விலை கூடிய பிளேடு, மட்டமான கொளுவி. துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின மாதிரி என்று சொல்லி, இந்தத் துண்டுக்குக் கொளுவி என்று பெயர் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொளுவியோ கிழவியோ, மூணா நாலா, அதச் சொல்லுங்க சார்.”

“மூணு.”

டப்பாவைக் குடைந்து வேறொரு துண்டை எடுத்து ஆணியில் அழுத்தினார். பிளேடை இழுத்து மாட்டிவிட்டு, அதன் இரண்டு முனைகளையும் பிடித்து முதலில் மேலும் கீழும் அசைத்தார், அசைந்தது. பிறகு பக்கவாட்டில் அசைத்தார், அசையவில்லை. கையைக் கண்ணாடி மேல் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.