நிலவைப் போலத் தெரிந்த முகம்

மின்னலை ஆராய்ந்த அறிஞரும் அமெரிக்கத் தூதருமான பெஞ்சமின் பிராங்க்ளின் 1779இல் பாரிசிலிருந்து மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் படங்களும் பதக்கங்களும் எங்கும் பரவி, உன் அப்பாவின் முகம் நிலவைப் போல எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டது என்று அதில் கேலியாகச் சொன்னார். அப்படிப் பரப்பியவற்றில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நிறமே இல்லாத இந்தப் படங்கள், இவர் பெரிய மனிதர், படித்தவர் என்று பார்த்ததும் நம்ப வைத்தன.

பாதி வேலை உளியுடையது. கூரிய எஃகு உளியை அழுத்தித் தள்ளினால் பள்ளம் ஆழமாகும், அகலமும் கூடும். அதிக மை தங்கும். அதனால் ஒரே கோடு மெலிதாகத் தொடங்கி, நிழலில் தடித்து, வெளிச்சத்தில் மீண்டும் மெலியும். கன்னத்தின் வளைவை ஒட்டி இப்படி ஒரு வரிசை, குறுக்கே இன்னொரு வரிசை, இடையில் விழும் சாய்சதுரங்களில் ஒவ்வொரு புள்ளி. தோல் பளிங்குச் சிலையின் வழவழப்பை எடுத்துக்கொள்ளும். பெரிய தகடு ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்தச் செலவும் அந்தஸ்தின் அடையாளம்தான்.

மீதியை ரோம் பார்த்துக்கொண்டது. எரிமலையில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியம் (1738), பாம்பெய் (1748) ஆகியவற்றின் அகழாய்வுகள் ஐரோப்பாவின் பழமை மோகத்தை முடுக்கிவிட்டிருந்தன. ரோமானியப் பேரரசர்கள் நாணயங்களில் பக்கவாட்டில்தான் தெரிவார்கள். பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் நிக்கோலா கோஷன் பாரிஸ் அறிஞர்களையும் அதேபோல வட்டத்துக்குள் பக்கவாட்டு முகமாக வரைந்து தள்ளினார். இத்தகைய படங்களில் சுற்றிலும் கல் போன்ற சட்டம், அடியில் பெயர் பொறித்த பீடம் வைப்பதும் வழக்கம். நாணயம் சேகரிப்பவருக்குக் குறிப்பு புரியும். புரியாதவருக்கு மரியாதை வரும். இரண்டாவதுதான் பெரிய லாபம் என்பேன்.

பிராங்க்ளின் விஷயத்தில் அதே கோஷன் இலக்கணத்தை மீறினார். அவர் வரைந்ததை ஒகுஸ்தென் டெ சாந்தொபென் 1777இல் செதுக்கினார். பொய்முடி இல்லை, மென்மயிர்த் தொப்பி, மூக்குக்கண்ணாடி, சாதாரண அங்கி. சிந்தனையாளர் ரூசோவும் 1766இல் அப்படியொரு தொப்பியோடு வரையப்பட்டவர் என்பதால், ‘எளிய ஞானி’ என்ற பொருளைப் பாரிஸ் தானாகவே படித்துக்கொண்டது. இதுவும் வேடம்தான், கெட்டிக்கார வேடம். வானத்திடமிருந்து மின்னலையும் கொடுங்கோலரிடமிருந்து செங்கோலையும் பறித்தவர் என்று பிரெஞ்சு அரசியல்வாதி டர்கோ எழுதிய லத்தீன் வரி பிறகு வந்த படங்களில் சேர்ந்துகொண்டது.

1780களில் பிரான்சில் ஷில் லூயி கிரெத்தியன் இந்தப் பக்கவாட்டு முகம் வரைவதை இயந்திரமாக்கினார்: பக்கவாட்டு உருவைத் தடம் பிடித்து, இணைகரச் சட்டத்தால் சுருக்கிச் செதுக்குவது. அமெரிக்காவில் பிரெஞ்சுக் கலைஞர் சென்-மெமன் இந்த முறையில் வரைபடம், தகடு, 12 அச்சுப் பிரதிகள் எல்லாம் சேர்த்து 25 டாலருக்குக் கொடுத்தார். பெண்களுக்கு மட்டும் 35.