எமிஷன்: புகையா, உமிழ்வா?

வள்ளியூர் பக்கம் ஒரு கல்குவாரிக்குப் புதிதாக ஒரு இட்டாச்சி வந்திருந்தது. எந்தக் கம்பெனி எக்ஸ்கவேட்டராக இருந்தாலும் நம்மூரில் அதற்கு இட்டாச்சி என்றுதான் பெயர். அதை ஓட்டும் தம்பி கேட்டார்: "அண்ணாச்சி, இந்த வண்டில புகையே வரல. பொறவு எதுக்கு யூரியா தண்ணிய ஊத்தச் சொல்லுதாவ?"

நியாயமான கேள்வி. எமிஷன் என்றால் புகை என்றே நாம் எல்லோரும் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எமிஷனுக்கு வேர் லத்தீன். 'மித்தெரே' என்றால் அனுப்புதல், முன்னால் வரும் 'எ' என்றால் வெளியே. ஆக, வெளியே அனுப்புவது. இந்த வேரில் பிறந்த இன்னொரு சொல் திருநெல்வேலிச் சீமைக்கு ரொம்பப் பழக்கம்: மிஷன். ஜெர்மன் பாதிரியார் ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தது அனுப்பப்பட்டவராகத்தான். மிஷனரி என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான். மெக்கானிக் வாயில் நாளெல்லாம் புழங்கும் டிரான்ஸ்மிஷனும் இந்தக் குடும்பம்தான்: எஞ்சின் விசையை அந்தப் பக்கம் அனுப்பிவைப்பது. மிஷின் மட்டும் இதில் சேராது. ஒலி ஒன்றுபோல இருந்தாலும் அது கிரேக்க வழி வந்தது.

எமிஷன் என்ற சொல்லுக்குள் புகை என்ற பொருள் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எது வெளியே போனாலும் அது எமிஷன்தான், கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

டீசல் எஞ்சினில் இந்த வேறுபாடு மிக முக்கியம். உடன்குடிப் பக்கம் விடிலியில், அதாவது பனைத் தொழிலாளியின் ஓலைக் குடிசையில், பதநீர் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஈர விறகு வைத்தால் அடுப்பு புகைந்து தள்ளும், தீ நன்றாகப் பிடித்துவிட்டால் புகை அடங்கும். எஞ்சினும் அப்படியே. காற்று போதாமலோ சூடு போதாமலோ டீசல் அரைகுறையாக எரிந்தால் கரித்துகள் வரும்; கரும்புகை என்பது அதுதான். சரி, சூட்டைக் கூட்டி முழுசாக எரித்துவிடலாமே என்றால், அங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணச் சூட்டில் அது சும்மா கிடக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிவிடும். மின்னல் வெட்டும்போது வானத்தில் நடப்பதும் இதேதான். சைலன்சரிலிருந்து இந்த வாயு வெளியேறுவது கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, ஆனால் நுரையீரலை அரிக்கும். கரியைக் குறைத்தால் இது கூடும், இதைக் குறைத்தால் கரி கூடும்.

தம்பி ஊற்றும் யூரியாக் கரைசல் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கான மருந்து. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சைலன்சர் வழியில் சூடாகி அது அம்மோனியாவைத் தரும். அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறிவிடும். கரித்துகளைப் பிடிக்கத் தனியாகத் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி உண்டு.

கட்டுமான இயந்திரங்களுக்கான நான்காம் நிலை எமிஷன் விதி நம் நாட்டில் 2021 ஏப்ரலில் வந்தது. 75 முதல் 130 கிலோவாட் வரையுள்ள எஞ்சின்களில், ஒரு கிலோவாட்-மணிக்கு 0.3 கிராம் என்றிருந்த துகள் வரம்பு 0.025 கிராமாக இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு 0.4 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்றானது. 2025 ஜனவரியில் வந்த ஐந்தாம் நிலையில் துகளை எடை போடுவதோடு எண்ணவும் செய்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பட்டறையில் 'புகை தள்ளுது', 'கருப்பா கக்குது' என்பார்கள். உயிருள்ள பேச்சு, எனக்கும் பிடிக்கும். ஆனால் கண்ணில் படாத வாயுவை அது விட்டுவிடுகிறது. 'வெளியேற்றம்' தண்ணீருக்கும் ஆளுக்கும் பொதுவாகப் போய்விட்டது. 'வெளியீடு' என்றால் புத்தகம் நினைவுக்கு வருகிறது. என் தேர்வு உமிழ்வு. துப்புவது என்று மட்டும் நினைத்து இந்தச் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது. பாம்பு மணியை உமிழ்ந்து அதன் ஒளியில் இரை தேடுவதாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. எல்இடியைப் பள்ளிப் பாடநூல் 'ஒளி உமிழ் டையோடு' என்கிறது. தன்னுள் இருப்பதை எது வெளியே விட்டாலும் அது உமிழ்வுதான். லத்தீன் வேரின் பொருளும் ஏறக்குறைய இதுவே. நாளிதழ்களில் 'கார்பன் உமிழ்வு' ஏற்கெனவே பழகிவிட்டது. அந்த வரிசையில் உமிழ்வு வரம்பு, உமிழ்வு விதி, உமிழ்வு குறைந்த டீசல் எஞ்சின் என்று எழுதலாம். எஞ்சினை எஞ்சின் என்றே விட்டுவிடலாம், அது நம் சொல்லாகி வெகுகாலம் ஆகிறது.

டீசல் லாரிக்கு வாங்குகிறோமே, அந்தப் புகைச் சான்றிதழின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சோதனையில் டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான்.