கைதிகளைப் பிரிப்பது எதற்கு? யாரைச் சும்மா விடுவது என்று தெரிந்துகொள்ள

வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தார்: "பெரிய மனுஷன் உள்ளே போனால் முதல் வகுப்பு, கட்டில், ஃபேன். கூலிக்காரன் போனால் கூட்டத்தோடு கூட்டமாகத் தரை. கைதி என்றால் எல்லாரும் கைதிதானே, இந்த வகை பிரிக்கிற வேலையே எதற்கு சார்?"

கோபம் நியாயம். படிப்பு, சமூக அந்தஸ்து, வெளியே வாழ்ந்த வசதி இதையெல்லாம் பார்த்து வகுப்பு கொடுக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்து மிச்சம், அதற்கும் அறிவியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வகை பிரிப்பதே தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு ஆள் விடுதலையானபின் திரும்ப உள்ளே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பதற்காகப் பிரிக்கிற முறை ஒன்று இருக்கிறது. அது சொல்லும் முக்கியமான பதில் கேட்பவர்களையெல்லாம் ஒரு நிமிடம் திகைக்க வைக்கும்: சிலருக்கு உதவி செய்யாதே, செய்தால் கெட்டுப்போவார்கள்.

அதற்குமுன் பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் தனி, சிறுவர்கள் தனி, விசாரணைக் கைதியும் தண்டனைக் கைதியும் தனி என்று நம் 1894ஆம் வருடச் சிறைச் சட்டத்திலேயே இருக்கிறது. இது பாதுகாப்புக்கான பிரிவினை, இதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆளைப் பார்த்து எதிர்காலத்தைச் சொல்ல முயன்றது வேறு கூட்டம். 1876இல் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ மண்டையோடு, தாடை, காது இதையெல்லாம் வைத்துப் பிறவிக் குற்றவாளியை அடையாளம் காட்டலாம் என்றார். நம் சாமுத்திரிகா லட்சணம்தான், கோட்டு சூட்டு போட்டு வந்தது. தேறவில்லை.

1928இல் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜஸ் முகத்தை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். இல்லினாய் மாநிலத்தில் பரோலில் விடப்பட்ட 3,000 பேரின் கோப்புகள். (அமெரிக்கப் பரோல் என்பது நம்மூர் மாதிரி தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் போய்விட்டு வருவதல்ல. மிச்சத் தண்டனையைக் கண்காணிப்போடு வெளியில் கழிப்பது.) முன்பு செய்த குற்றம், வேலை பார்த்த வரலாறு, சிறையில் நடந்துகொண்ட விதம் என்று 21 விஷயங்களை எடுத்தார். ஒவ்வொன்றும் சாதகமாக இருந்தால் ஒரு புள்ளி, இல்லையென்றால் பூஜ்யம். வெறும் கூட்டல்தான், அஞ்சாம் வகுப்புப் பிள்ளை போடலாம். 16 அல்லது அதற்கு மேல் புள்ளி வாங்கியவர்களில் பரோல் விதியை மீறியவர்கள் 1.5 சதவீதம். 2 முதல் 4 புள்ளி வாங்கியவர்களில் 76 சதவீதம்.

"முப்பது வருட சர்வீஸ் சார், ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்" என்கிற அதிகாரியை எல்லோருக்கும் தெரியும். 1954இல் உளவியலாளர் பால் மீல் அனுபவசாலியின் கணிப்பையும் இந்த மாதிரிக் கூட்டல் கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கூட்டல் கணக்கு ஏறக்குறைய எல்லாவற்றிலும் சமமாக நின்றது அல்லது ஜெயித்தது. மனித மூளை ஒரே ஒரு கண்ணீர்க் கதையில் மயங்கிவிடும். காகிதம் மயங்காது.

ஆனால் பர்ஜஸின் அட்டவணையில் ஒரு ஓட்டை. முதல் முறை பிடிபட்டபோது வயது 16 என்றால் அது என்றைக்கும் 16தான், அதை வைத்துக்கொண்டு சிறைக்காரர் என்ன செய்ய முடியும்? ஜாதகம் மாதிரி பலன் சொல்லும், பரிகாரம் சொல்லாது. இதைச் சரிசெய்தவர்கள் கனடாக்காரர்கள். ஆட்டவாவின் உளவியலாளர்கள் டான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் பொண்டா ஆகியோர் மாறக்கூடிய விஷயங்களையும் உள்ளே சேர்த்தார்கள்: யாரோடு சுற்றுகிறான், குடி உண்டா, வேலை உண்டா, வீட்டில் உறவு எப்படி, ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறான், குற்றம் தப்பில்லை என்று நினைக்கிறானா. அவர்கள் வளர்த்த கேள்வித்தாளின் ஒரு பதிப்பில் 54 கேள்விகள். பதில் மாறினால் மதிப்பெண் மாறும், ஆகவே ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். 1990இல் ராபர்ட் ஹோஜையும் சேர்த்துக்கொண்டு இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்: திரும்பக் குற்றம் செய்யும் ரிஸ்க் எவ்வளவு என்பது எவ்வளவு உதவி என்பதைத் தீர்மானிக்கட்டும், தேவை எது என்பது எந்த உதவி என்பதை, ஆளின் சுபாவம் அதை எப்படிக் கொடுப்பது என்பதை.

பின்னிரண்டும் யாருக்கும் புரியும். குடிகாரனுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்துவிட்டுக் குடியைத் தொடாமல் விட்டால், குடிக்கிற தச்சன் ஒருவன் வெளியே வருவான். நான் நிற்க விரும்புவது முதல் கோட்பாட்டில்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கணுக்காலில் மின்னணுப் பட்டை கட்டி வெளியே விடப்பட்ட சிலருக்குத் தீவிரமான சீர்திருத்த வகுப்புகள் நடத்தினார்கள். கோபத்தைக் கையாள்வது, போதையை விடுவது, யோசித்துச் செயல்படுவது, இப்படி. பொண்டாவும் கூட இருந்தவர்களும் 2000இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ரிஸ்க் அதிகமுள்ளவர்களில் வகுப்பு கிடைக்காதவர்கள் சுமார் 51 சதவீதம் பேர் மறுபடி குற்றத்தில் சிக்கினார்கள், வகுப்பு கிடைத்தவர்களில் அது 32 சதவீதமாக இறங்கியது. சபாஷ். இப்போது ரிஸ்க் குறைந்தவர்களைப் பாருங்கள். வகுப்பு இல்லாமல் 15 சதவீதம். வகுப்போடு? அதே 32 சதவீதம்! ஒரே அறை, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். மேலே இருந்தவன் இறங்கி வந்தான், கீழே இருந்தவன் ஏறிப் போனான், இருவரும் ஒரே படியில் வந்து நின்றார்கள். நமக்கு வேண்டியதோ இறக்கம் மட்டும்தான்.

சிறிய ஆய்வு, குலுக்கல் போட்டு ஆளைப் பிரித்ததும் அல்ல, ஒன்றை வைத்து ஆடக் கூடாது என்பீர்கள். சரி. 2002இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லோவன்காம்ப், லட்டெஸ்ஸா என்ற ஆய்வாளர்கள், சிறைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் தங்கவைக்கும் விடுதிகளில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து 13,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். ரிஸ்க் அதிகமானவர்களுக்குப் பல விடுதிகளில் நல்ல பலன், குறைந்தவர்களை அதே விடுதிகளில் போட்டால் பெரும்பாலும் மோசம். அதே கதை.

ஏன் இப்படி? இங்கேதான் எனக்குக் கொண்டாட்டம். ஒருவன் ரிஸ்க் குறைந்தவன் என்று காகிதம் சொல்கிறது என்றால் என்ன அர்த்தம்? அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, எட்டு மணிக்குச் சாப்பிட வருவான் என்று காத்திருக்கும் வீடு இருக்கிறது, சனிக்கிழமை சீட்டு விளையாடக் குற்றம் செய்யாத நாலு சிநேகிதர்கள் இருக்கிறார்கள். இவைதான் அவனைக் குற்றத்திலிருந்து பிடித்து வைத்திருக்கும் கயிறுகள். இவனை விடுதியில் போட்டு வாரம் முழுக்க வகுப்புக்கு வரச்சொன்னால் வேலை போகும், வீட்டோடு ஒட்டு குறையும், பழைய சிநேகிதர்கள் இருந்த இடத்தில் பக்கத்துக் கட்டில்காரன் வந்து உட்காருவான். அதாவது எந்தக் காரணங்களால் அவன் பட்டியலில் கீழே இருந்தானோ, அந்தக் காரணங்களையே நாம் நல்லெண்ணத்தோடு ஒவ்வொன்றாக அறுக்கிறோம். போதாததற்கு கண்காணிப்பு கூடக்கூடச் சின்ன விதிமீறலெல்லாம் கண்ணில் பட்டு, அதற்கும் ஒரு தண்டனை.

பக்கத்துக் கட்டில்காரன் விஷயத்துக்கு இன்னொரு அழகான சாட்சி உண்டு. ஃபுளோரிடாவில் 169 சிறார் இல்லங்களில் இருந்த 8,000க்கும் மேற்பட்ட சிறுவர்களை வைத்துப் பேயர் என்ற பொருளியலாளரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு. சிறை ஒரு பல்கலைக்கழகம், பிக்பாக்கெட்டாகப் போனவன் கொள்ளைக்காரனாக வருவான் என்று எல்லாரும் சொல்வோம் இல்லையா? கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறது. வீடு புகுந்து திருடிய அனுபவமுள்ளவனை அதே அனுபவமுள்ளவர்களோடு போட்டால், அதே குற்றத்தை மறுபடி செய்வது கூடுகிறது. அந்த அனுபவமே இல்லாதவனை அவர்களோடு போட்டால் பெரிதாக எதுவும் தொற்றவில்லை. பல்கலைக்கழகம்தான், ஆனால் புதுப் பாடத்துக்குச் சேர்க்கை இல்லை, ஏற்கெனவே படித்த பாடத்தில் எம்.ஏ. மட்டும்! அப்படியானால் "திருடர்களெல்லாம் ஒரு பிளாக், போதை வழக்கெல்லாம் ஒரு பிளாக்" என்று பார்க்க ஒழுங்காகத் தெரிகிற பிரிவினைதான் சிறுவர்கள் விஷயத்தில் மகா தப்பாக இருக்கக் கூடும்.

சுவரின் உயரமும் கணக்கில் வரும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்பு நிலை மூன்றுக்குரியவர்கள் என்று மதிப்பெண் வந்த சுமார் 560 பேரில் பாதியைக் குலுக்கல் போட்ட மாதிரி நிலை ஒன்றுக்கு, அதாவது தளர்வான சிறைக்கு, அனுப்பினார்கள். எல்லாரும் பயந்ததுபோல் அங்கே போய் அவர்கள் கூடுதலாக அடிதடி செய்யவில்லை. விடுதலையானபின் நிலை மூன்றில் இருந்தவர்கள் சிறைக்குத் திரும்பும் வேகம்தான் 31 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆட்கள் ஒரே மாதிரி, ஒட்டிய லேபிள் வேறு.

இதைப் படித்துவிட்டு அந்த 54 கேள்விகளை மொழிபெயர்த்துப் புழல் சிறைக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் பிடிபட்ட வயது என்ன என்ற கேள்வி அவனைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அந்தத் தெருவில் போலீஸ் ஜீப் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பற்றியும் அவ்வளவு சொல்லும். கனடாவிலேயே பூர்வகுடிக் கைதிகளுக்கு இந்த வகைக் கருவிகள் சில சரியாகப் பொருந்துமா என்று சோதிக்காமல் பயன்படுத்தியது தவறு என்று 2018இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சிறைத்துறையைக் கண்டித்தது. நம் கதை இன்னும் கசப்பு. 1871இல் வெள்ளைக்காரன் சில சமூகங்களையே குற்றப் பரம்பரை என்று பதிவு செய்தான், புள்ளியும் இல்லை கூட்டலும் இல்லை, பிறப்பு ஒன்றே மதிப்பெண். சட்டம் போனது, வாடை போகவில்லை. சாதி பார்த்து வேலை கொடுப்பதும் பிளாக் பிரிப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம், சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே அடியுங்கள் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில். பாளையங்கோட்டைச் சிறையின் சாதிவாரிப் பிளாக்குகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன. "அடிதடி வராமல் இருக்கத்தானே" என்ற சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கும் அது எடுபடவில்லை.

நமக்கான கேள்வித்தாளை நாமே செய்ய வேண்டும், நம் கைதிகள் பத்து வருடம் கழித்து என்ன ஆனார்கள் என்ற நம் கணக்கை வைத்து. சிறைக்குக் கேமராவும் ஜாமரும் வாங்கக் காசு புரள்கிறது, இந்தக் கணக்கை எடுக்க ஆராய்ச்சிப் பணம் கேட்டால் மட்டும் ஏன் இல்லையோ. உண்மையில் இதற்குப் பெரிய செலவும் கிடையாது. குடி மறக்கும் பயிற்சியில் 40 இடம் இருக்கிறது, 120 பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது யாரையோ பிடித்து யாரோ உள்ளே வருகிறார்கள். அதற்குப் பதில், கேட்ட எல்லாரிடமும் முதலில் கேள்வித்தாளைக் கொடுத்து மதிப்பெண் போட்டுவிட்டு, சீட்டு எழுதிக் குலுக்கி 40 பேரை எடுங்கள். மற்ற 80 பேரின் பெயரையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு எழுத்தரை உட்காரவைத்து, இரண்டு பட்டியலிலும் யார் யார் திரும்ப வந்தார்கள் என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள்.